பன்னிரண்டு வருடம் நின்ற புல்லட்: புகையைப் பார்த்ததும் இன்ஜினை இறக்கிவிடாதீர்கள்

அப்பா 1988-இல் வாங்கிய புல்லட் 350, லால்குடி வீட்டுத் தாழ்வாரத்தில் 2011 முதல் நின்றது. 2023-இல் அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தேன். மொத்தச் செலவு 84,000 ரூபாய். இதில் 62,000 திருச்சியில் ஒரு பட்டறைக்கு, 13,000 அந்தப் பட்டறை செய்ததைச் சரிசெய்ய, மீதி ஒன்பதாயிரம் சொச்சம் ஆர்.சி., வரி, இன்சூரன்ஸுக்கு. இப்போது உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஐம்பதாயிரத்துக்கு மேல் போகவே தேவையில்லாத பணம். பணத்தைவிட எரிச்சல் என்னவென்றால், அப்பா வாங்கியபடியே இருந்த பல பாகங்கள் இன்று வண்டியில் இல்லை. பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் என்று வீட்டில் ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால், அதைத் தொடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வண்டி நின்றதற்குக் காரணம் அப்பாவின் முழங்கால். கிக் அடிக்க முடியவில்லை, விற்கவும் மனசில்லை. நீலத் தார்ப்பாயால் இழுத்துப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டார். பார்க்கப் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பிளாஸ்டிக் தார்ப்பாய் மழையைத் தடுப்பதைவிட ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதில்தான் கெட்டி. பன்னிரண்டு வருடம் கழித்து அவிழ்த்தபோது சீட்டில் பூஞ்சை, மட்கார்டின் அடிப்பக்கம் துரு, ஹேண்டில்பாரில் குரோம் உரிந்து கொப்புளம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டி, ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயரைக் கடித்து வைத்திருந்தது. சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. அப்பா 2021-இல் தவறிவிட்டார். அம்மா பார்த்துவிட்டு, "எடைக்குப் போட்டா என்னடா குடுப்பான்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே வேலையை ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனை மெக்கானிக் ஒருவர் வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தார், கார்புரேட்டரை இறக்கிக் கழுவினார், ஒரு பாட்டிலில் புதுப் பெட்ரோலைக் கட்டித் தொங்கவிட்டார். வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்து மூச்சு வாங்க உதைத்தார். வண்டி உயிர் பெற்றுவிட்டது! எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். அடுத்த நிமிடமே வெள்ளையும் நீலமுமாகப் புகை. தாழ்வாரம் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் நெருப்போ என்று ஓடிவந்தார். பயந்து நிறுத்திவிட்டோம். "ரிங்கு போயிருக்கு சார், இன்ஜினை இறக்காம ஆகாது" என்றார் மெக்கானிக். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம். குட்டி யானையில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனேன். நான் எடுத்திருந்த புகை வீடியோவைப் பார்த்த பட்டறைக்காரரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பட்டறையில் முதலில் சொன்ன தொகை 18,000.

அந்தப் புகை என்னவென்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. பழைய புல்லட்டில் இன்ஜின் ஆயிலுக்குத் தனியாக வெளியே டேங்க் கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுற்றும் அறைக்குப் பின்னால், அதே வார்ப்புக்குள்ளேயே ஆயில் அறை இருக்கிறது. வண்டி நிற்க நிற்க அந்த ஆயில் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் போய்த் தேங்கும். சில மாதம் நின்றாலே இது நடக்கும், பன்னிரண்டு வருடம் நின்றால் கேட்கவே வேண்டாம். டிப் ஸ்டிக்கில் பார்த்தால் ஆயிலே இல்லாததுபோல இருக்கும், உடனே யாராவது மேலே இன்னும் ஊற்றுவார்கள். எங்கள் தெரு மெக்கானிக்கும் ஊற்றினார். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் தேங்கிக் கிடக்கும் ஆயில் மேலே சிலிண்டருக்குள் தெறித்து எரியும். தாழ்வாரம் நிறைந்த புகை அதுதான். ரிங் போயிருந்தாலும் புகை வரும், உண்மைதான். ஆனால் அந்தப் புகை வண்டி ஓடும்வரை வந்துகொண்டே இருக்கும். தேங்கிய ஆயிலின் புகை, பம்ப் அதை உறிஞ்சிப் பழைய இடத்துக்கு அனுப்பியதும் குறைந்து நின்றுவிடும். கீழே இருக்கும் டிரெய்ன் போல்ட்டுகளைத் திறந்து கிராங்க் அறை, ஆயில் அறை இரண்டையும் முழுக்க வடித்துவிட்டுப் புது 20W50 ஆயில் ஊற்றியிருந்தால், எங்கள் வீட்டில் அன்றைக்கு அவ்வளவு புகையே வந்திருக்காது. இன்ஜினை இறக்கும் பேச்சும் எழுந்திருக்காது.

ரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைகூட வேண்டாம். பிளக்கை மாட்டிவிட்டு, டீகம்ப்ரசர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடிக்காமல், கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் கனமாக நிற்கும். அங்கே உங்கள் எடையை அதன்மேல் வைத்து நில்லுங்கள். சில விநாடி தாங்கி, அப்புறம் மெல்ல இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, ரிங்கும் வால்வும் வேலை செய்கின்றன. தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே போனால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் நேரே ரிங்மேல் பழி போடக் கூடாது. வால்வு சரியாக உட்காராமல் துரு பிடித்திருக்கலாம், வால்வைத் திறக்கும் டேப்பெட் இறுகியிருக்கலாம். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது நன்றாகத் தாங்கினால் குறை ரிங் பக்கம், மாற்றமே இல்லை என்றால் வால்வு பக்கம். காசு செலவில்லாத இந்தச் சோதனையைப் பட்டறையில் யாரும் செய்து பார்க்கவில்லை.

இன்ஜின் இறங்கியது. அதன் பிறகு கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். பிஸ்டன் தேய்ந்திருக்கிறது, சிலிண்டரைக் குடைந்து போர் போட வேண்டும், கனெக்டிங் ராடு ஆடுகிறது, கியர் பெட்டியையும் திறந்து பார்த்துவிடலாம், இவ்வளவு செய்துவிட்டுப் பழைய பெயின்டா? ஒவ்வொரு போனுக்கும் தொகை ஏறியது. போய்ப் பார்த்தால், "லேத்துக்குப் போயிருக்கு சார்", "ஸ்பேர் சென்னையிலிருந்து வரணும் சார்", "பெயின்டர் மாலை போட்டு சபரிமலை போயிருக்கார் சார்." வெறும் சட்டம் மட்டும் சுவரோரம் சாய்ந்திருக்கும். மற்ற பாகங்கள் எங்கே என்று கேட்டால் ஒரு கோணிப்பையைக் காட்டுவார்கள். அந்தப் பையில் யார் யார் வண்டியின் போல்ட்டெல்லாம் இருந்ததோ தெரியாது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பல தடவை தோன்றியது. ஆனால் பிரித்துப் போட்ட வண்டியை எப்படி எடுத்து வருவது, எந்த மெக்கானிக் அதைக் கையில் எடுப்பார்? முழுசாகப் பிரித்துவிட்டால் உங்களுக்கு வேறு வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றையும் பிரிக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

போர் போடுவது பற்றி ஒரு விஷயம். இந்தப் புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. என்னுடையது அதுவரை கம்பெனி அளவிலேயே இருந்தது. அதைக் குடைந்து அடுத்த அளவு பிஸ்டன் போட்டுவிட்டார்கள். குடைந்ததைத் திரும்ப நிரப்ப முடியாது, இப்படிச் சில தடவைக்கு மேல் குடையவும் முடியாது. ஆகவே போர் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், போர் கேஜ் வைத்து அளந்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து காட்டச் சொல்லுங்கள். "நகத்தை வச்சுப் பாருங்க சார், தட்டுது" என்பதெல்லாம் அளவு ஆகாது. எனக்கு நகத்தை வைத்துத்தான் காட்டினார்கள்.

டேங்க்தான் எனக்கு மனசு விட்டுப்போன இடம். உள்ளே துரு இருந்தது, மறுக்கவில்லை. பட்டறையில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ஊறவைத்துவிட்டார்கள். துருவோடு சேர்ந்து அடிப்பக்க வெல்டிங் ஓரமும் அரித்து, ஊசித் துளைகள் விழுந்தன. அதை அடைக்கப் பிரேசிங் வைத்தார்கள், சூட்டில் பெயின்ட் கருகியது, முழு டேங்குக்கும் புதுப் பெயின்ட் அடித்தார்கள். சென்னை திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் கையால் தூரிகை பிடித்து இழுத்த தங்கக் கோடு அந்த டேங்கில் இருந்தது. ஓரிடத்தில் லேசாக நெளிந்திருக்கும், சின்ன வயதில் அதன்மேல் விரலை ஓட்டுவேன். இப்போது இருப்பது ஸ்டிக்கர்.

துரு பிடித்த டேங்கை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டு, சின்ன நட்டுகளையோ பழைய செயினையோ உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி உதிர்கிற துருவைக் கொட்டுங்கள். பிறகு மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கருத்த தண்ணீராக வரும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. முடிந்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் புளிப்பே மறுபடி அரிக்கும். கழுவிய கையோடு காயவைப்பது முக்கியம். ஈரமான வெற்று இரும்பு கண்ணெதிரிலேயே செம்பழுப்பாக மாறிவிடும். ஹேர் டிரையர் வைத்து உள்ளே சூடான காற்றடித்து, உடனே பெட்ரோலோடு கொஞ்சம் ஆயில் கலந்து உள்ளே சுழற்றி விடுங்கள். இது ஆசிட்டைவிட மெதுவானதுதான், ஆனால் டேங்க் மிஞ்சும்.

ஒருவழியாக வண்டி கைக்கு வந்தது. பளபளவென்று இருந்தது, எனக்கும் அன்றைக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. லால்குடிக்கு ஓட்டிக்கொண்டு வரும் வழியில், வாளாடி தாண்டியதும் இன்ஜின் கனத்தது, வேகம் இறங்கியது, பின் சக்கரம் ஒரு கணம் கீச்சென்று இழுத்து நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. புதுப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளியைப் போதுமான அளவு விடாமல் போர் போட்டிருந்ததால், சூடானதும் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொண்டது. 62,000 ரூபாய் கொடுத்த வண்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு போனேன். அழுகை வந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. பட்டறைக்குப் போன் செய்தால், "ரன்னிங்-இன்ல மெதுவா ஓட்டணும் சார்" என்றார்கள். நாற்பதுக்கு மேல் நான் போகவே இல்லை.

அப்பாவின் பழைய மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு இருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாதான் விசாரித்துச் சொன்னார். எழுபதைத் தாண்டியவர். வண்டியைப் பார்த்ததும் பெயரைச் சொல்லி அப்பாவைப் பற்றிக் கேட்டார், பிறகு குனிந்து ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்து, "தம்பி, இது உங்கப்பா வண்டி கார்புரேட்டர் இல்லையே" என்றார். ஆம்பியர் மீட்டர் வேறு, ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் இருக்கும் குட்டி விளக்குகளின் வளையம் வேறு, டூல் பாக்ஸின் மூடி வேறு. பழைய வண்டியின் ஒரிஜினல் பாகங்களுக்கு வெளியே நல்ல விலை இருக்கிறது. சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். என் வண்டியிலிருந்து போனவை எங்கே போயினவோ. பட்டறையில் கேட்டேன். "உங்க வண்டியில இதுதான் சார் இருந்துச்சு." நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அதனால் சொல்கிறேன், வண்டியை யாரிடமாவது விடுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கார்புரேட்டர், மீட்டர், விளக்கு, ரிம் இவற்றில் வெளியே தெரியாத இடத்தில் ஒரு சின்னக் கீறலோ பெயின்ட் புள்ளியோ வையுங்கள். மாற்றும் பழைய பாகம் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பெரியவரால் இப்போது கனமான வேலை செய்ய முடியாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, மகனும் நானும் செய்தோம். ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் எடுத்து, சிலிண்டரை வேறொரு லேத்தில் கொடுத்துச் சரியான இடைவெளிக்கு ஹோனிங் (உள்சுவரை நுணுக்கமாகத் தேய்ப்பது) போட்டு, பிஸ்டனில் ஒட்டியிருந்த அலுமினியத்தை மென்மையாகத் தேய்த்தெடுத்தோம். அப்போது அவர் சொல்லிக் கொடுத்ததுதான், நின்ற வண்டியை எழுப்புவதற்கு உண்மையான வரிசை. முதல் வேலையே கிக் அடிக்காமல் இருப்பது. பிளக்கைக் கழற்றி இரண்டு மூன்று ஸ்பூன் ஆயில் உள்ளே விட்டு, இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். அப்புறம் பிளக் இல்லாமலேயே, வண்டியை டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைக்க வேண்டும். ஒட்டியிருக்கும் ரிங் மெதுவாக விடுபடும். அசையவே இல்லை என்றால் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாமல் கிக்கரில் ஏறி உதைத்தால் ரிங் உடையும். அதாவது நல்ல ரிங்கைக் கெட்ட ரிங்காக நாமே ஆக்கிவிடுவோம்.

கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். லீவரைக் கட்டி வைத்து, இன்ஜின் நின்ற நிலையில் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் உருட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பிளக்கின் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்டில், வண்டி நின்றதால் படிந்த படலம் இருக்கும். மெல்லிய எமரியால் ஓரிரு தேய்ப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தால் போதும். முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பாயின்டோடு சேர்ந்த கண்டன்சரை மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு, பழையது நடுவழியில் காலை வாரும். கார்புரேட்டரில் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் குட்டித் துளையான பைலட் ஜெட்தான் முதலில் அடைபடும், காய்ந்த பெட்ரோல் அங்கே பிசினாக இறுகியிருக்கும். வண்டி ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் அதுதான். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், பழைய பிரஷ்ஷின் நைலான் முடி ஒன்று போதும். பெட்ரோல் டியூப், டேப்பின் வாஷர், கார்புரேட்டரின் ரப்பர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடுங்கள். இந்த வண்டிகள் வந்த காலத்துப் பெட்ரோல் வேறு. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு இடங்கள் இருக்கின்றன, இரண்டுமே வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஒன்று பிரேக். பழைய பிரேக் ஷூவில் லைனிங் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். வருடக்கணக்கில் நின்றால் பசை விட்டுவிடும். பார்க்கத் தடிமனாக, தேயாமல் இருக்கும். ஓடும்போது பிரேக் பிடித்தால் லைனிங் கழன்று டிரம்முக்குள் சிக்கிக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். என் பட்டறையில் பெயின்டுக்கும் குரோமுக்கும் வாங்கினார்களே தவிர, பின் பிரேக் ஷூவை மாற்றவில்லை. நாங்கள் கழற்றியபோது லைனிங் கையோடு வந்தது. இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இன்னொன்று டயர். இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரில் ஏறக் கூடாது. டியூபையும் ரிம் டேப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் கேபிள்களும் அப்படித்தான், எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

இவை எல்லாம், அதாவது டயர், டியூப், கேபிள், பிரேக் ஷூ, பேட்டரி, கண்டன்சர், ரப்பர், ஆயில், ஃபில்டர், ஒயரிங் ஒட்டு, கூலி என்று சேர்த்தால் 19,000 ரூபாய்க்குள் வண்டி ஓடியிருக்கும். பெயின்ட், குரோம் ஆசை இருந்தால் ஒரு வருடம் ஓட்டிவிட்டுச் செய்துகொள்ளலாம். நின்ற வண்டியில் கெடுவது பெரும்பாலும் ரப்பர், பெட்ரோல் போகும் பாதை, கரண்ட் போகும் பாதை. உள்ளே ஆயிலில் ஊறிக் கிடக்கும் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. இதைப் பெரியவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா, பட்டறைக்குப் போய்ச் சண்டை போடுவதா என்று தெரியவில்லை. இன்னொன்று, 2010-க்குப் பிறகு வந்த புல்லட்டுகளில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, அமைப்பே வேறு. புல்லட் பட்டறை என்று போர்டு இருப்பதால் மட்டும் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். கேள்வி ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ரொம்ப நாள் நின்ன வண்டி, முதல்ல என்ன பண்ணுவீங்க?" ஆயிலை வடிக்கணும் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். மொத்தமா பிரிச்சிடலாம் சார் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காகித வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பட்டறை வேலையோடு பின்னிக் கிடக்கிறது. வண்டி அப்பா பெயரில். ஆர்.சி. 2008-இல் புதுப்பித்தது, 2013-இல் முடிந்துவிட்டது. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும் என்பது விதி. துக்கத்தில் யாருக்கு இது நினைவிருக்கும்? வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் ஆட்சேபம் இல்லை என்று கொடுத்த கடிதம் எல்லாம் தேவைப்பட்டன. பழைய புத்தக வடிவ ஆர்.சி. என்றால், விவரம் அரசின் வாகனப் பதிவுத் தளமான 'வாகன்' இணையத்தளத்தில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதை ஏற்றிய பிறகுதான் மற்ற எதுவும் நகரும், அதற்கே நாள் பிடிக்கும். பதிவைப் புதுப்பிக்க மோட்டார் சைக்கிளுக்கு 1,000 ரூபாய், தாமதத்துக்கு மாதம் 300 என்று 2022 ஏப்ரலில் விதி வந்தது. 20 வருடத்துக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு இந்த 1,000 இப்போது 2,000 ஆகிவிட்டது. பசுமை வரி தனி. வண்டி பட்டறையில் கோணிப்பைக்குள் கிடந்த மாதங்களுக்கும் சேர்த்தே எனக்குத் தாமதக் கட்டணம் ஓடியது. மைத்துனர் ஒருவர் "விண்டேஜ்ல பதிஞ்சிடலாம் மாப்ள" என்று கிளப்பிவிட்டார். அது 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு, 1988 மாடலுக்குப் பொருந்தாது.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வையிடும்போது இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் எண் இடதுபக்கம் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில் குத்தியிருக்கும். பட்டறையில் ஒரு கட்டத்தில், "கேஸ்ல திரெட் போயிருக்கு சார், வேற கேஸ் இருக்கு, மாத்திடலாம்" என்றார்கள். நல்லவேளை, அந்த ஒன்றுக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றியிருந்தால் எண்ணும் போயிருக்கும், வண்டியும் காகிதத்தில் செத்திருக்கும். திரெட் போன இடத்தில் புதுச் சுருள் வைத்துச் சரிசெய்யலாம். ஆகவே வண்டியை எங்கேயும் அனுப்பும் முன் இரண்டு எண்களையும் பென்சில் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு சரிபார்த்துப் பத்திரமாக வையுங்கள். பெயின்ட் அடிக்கும்போது சேஸிஸ் எண்மேல் கெட்டியாக அடித்து மூடிவிடுவார்கள், அதைச் சுரண்டி எடுக்கும்போது சந்தேகம் வரும். அங்கே டேப் ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தேன், 150-க்கு மேல் 350 சி.சி. வரை 1,366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

இப்போது வண்டி நன்றாகவே ஓடுகிறது. முதல் ஐம்பது கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கினோம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட் பார்த்தோம், வால்வைத் தள்ளும் தண்டான புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கியர் பெட்டி ஓரத்தில் மட்டும் கசிவு இருக்கிறது, அதற்காக இன்னொரு தடவை பிரிக்க நான் தயாராக இல்லை, கீழே ஓர் அட்டை போட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போவதாக இருந்தால் டேங்கை நிறைய நிரப்பி, பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுகிறேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுகிறேன், சைலன்சர் வாயில் துணி அடைக்கிறேன். தார்ப்பாய் கிடையாது, பழைய பருத்தி வேட்டிதான் போர்வை. திரும்பி வந்ததும் கிக் அடிப்பதற்கு முன் கிராங்க் அறையின் டிரெய்ன் போல்ட்டைத் திறந்து தேங்கியிருப்பதை ஒரு கிண்ணத்தில் பிடித்து, சுத்தமாக இருந்தால் மேலேயே ஊற்றிவிடுகிறேன். கால் மணி நேர வேலை.